லாலாப்பேட்டைக்குப் போன சவாரி

அநியாயம் நடந்தது எங்கள் அப்பா சவரிமுத்துவுக்கு. செய்தவர்கள் கடல் சவாரிக் குழுவின் ஒன்பது பேர். அவர் தொடங்கி, அவரே பெயரும் வைத்த குழுவிலிருந்து, பிள்ளையைத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோனவர் என்று சொல்லி, அவரையே கை தூக்கி வெளியேற்றினார்கள். இதை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள் சார். மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு. வெள்ளி விழா மலருக்குக் குழுவின் வரலாறு எழுதத்தானே உங்களை அனுப்பியிருக்கிறார்கள்? வரலாறு என்றால் இதுதான். மற்றதெல்லாம் விளம்பரம்.

உட்காருங்கள். அப்பா வாழைத்தார் லோடு ஏற்றிக்கொண்டு விடியும்போதே போய்விட்டார், வர நேரமாகும். அவர் வீட்டில் இருந்திருந்தாலும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இந்த வீட்டுக்கு வந்த பேச்சு மொத்தத்தையும் நான் ஒருத்தியே எடுத்துக்கொண்டேன் என்று அம்மா சொல்வாள். பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சமூகவியல், இரண்டாம் ஆண்டு. விவாதப் போட்டியில் ஜெசிந்தா என்ற பெயரைப் பார்த்தால் எதிரணியில் நிற்க ஆள் கிடைப்பதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு விஷயத்தை முன்னும் பின்னும் குழப்பாமல் சொல்வேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் பெயர். சவரிமுத்து என்பது சவேரியார் பெயர், ஞானஸ்நானத்தில் வைத்தது. ஜங்ஷன் டாக்ஸி ஸ்டாண்டில் அதைச் சவாரிமுத்து ஆக்கிவிட்டார்கள். சவாரிக்கு ஒரு சவாரி வந்திருக்கு, சவாரி டீ குடிக்கப் போயிருக்கு என்று நாள் முழுக்க இதே கேலி. அப்பாவும் சிரிப்பார். குழுவுக்குக் கடல் சவாரி என்று பெயர் வைத்ததும் அந்தக் கேலியை நினைத்துத்தான். இப்போது மேடையில் தலைவர் குஞ்சிதபாதம் அதற்கு ஏதோ தத்துவ விளக்கம் கொடுக்கிறார், கேட்டிருப்பீர்களே. வாழ்க்கை ஒரு சவாரி, கடல் ஒரு கனவு என்று. கைதட்டல் வேறு.

தொடங்கியது இப்படி. ஒரு மதியம், அனாதைப் பிள்ளைகள் இல்லத்திலிருந்து ஒரு சிஸ்டர், காய்ச்சல் அடிக்கிற பையனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அப்பாவின் அம்பாசிடரைப் பிடித்தார். பையன் ஏறவே மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஊசிக்கா இவ்வளவு பயம் என்று அப்பா கேட்டார். ஊசிக்கு இல்லை, காருக்கு என்றாராம் சிஸ்டர். அந்த இல்லத்துப் பிள்ளைகள் காரில் ஏறுவது ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும்தான். கார் என்றாலே ஊசி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பா ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்து காதர் பாயிடம் இதைச் சொன்னார். காதர் மொய்தீன், அப்பாவுக்கு அடுத்த வண்டி, கூடப் பிறக்காத குறை. இரண்டு பேரும் சேர்ந்து இன்னும் இரண்டு மூன்று பேரைக் கெஞ்சிப் பிடித்தார்கள். அந்தக் காந்தி ஜயந்திக்கு நாலைந்து அம்பாசிடர்கள் பலூன் கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக் கடலுக்குப் போயின. அவ்வளவுதான். 'என் உள்ளத்தில் உதித்த எண்ணம்' என்று குஞ்சிதபாதம் சொல்கிறாரே, அது உதித்த அன்று அவர் வண்டி இன்ஜின் இறக்கி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. வரவே இல்லை.

விதிகள் எல்லாம் அப்பா போட்டவை. பாவம் என்ற சொல் அன்றைக்கு யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. வந்தால் சொன்னவன் ஸ்டாண்டு முழுக்க டீ வாங்கித் தர வேண்டும். காதர் பாய் இளகின மனசுக்காரர். முதல் இரண்டு வருஷமும் டீ வாங்கிக் கொடுத்தே நொந்துபோனார். பிள்ளைகளை வா, போ என்று பேசக்கூடாது. அவர்கள் சவாரி. சவாரிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. காக்கிச்சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, பின்கதவைத் திறந்துவிட்டு, பிள்ளை உட்கார்ந்ததும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்துக் கேட்க வேண்டும்: எங்கங்க போகணும்? பிள்ளை சொல்ல வேண்டும்: கடலுக்குப் போங்க. அதற்கு அப்புறம்தான் சாவி.

கேட்க நன்றாக இருக்கிறதில்லையா? கேட்ட எல்லாருக்கும் கண் கலங்கும். ஒரு வருஷம் ஒரு பொடியன் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, கடலுக்கு விடுப்பா சீக்கிரம், வேலை இருக்கு என்றானாம். சரிங்க முதலாளி என்று காதர் பாய் வண்டியை எடுத்தாராம். வருஷா வருஷம் இந்தக் கதை எங்கள் வீட்டில் சொல்லப்படும்.

ஓட்டுநர்களின் சொந்தப் பிள்ளைகளுக்கு இடம் கிடையாது. அதுவும் அப்பா போட்ட விதிதான். முந்தின நாள் சாயங்காலம் பலூன் ஊதுவது என் வேலை. பம்பு இருந்தது, ஆனால் வாயால் ஊதினால்தான் அளவு சரியாக வரும் என்பார் அப்பா. ஊதி ஊதிக் கன்னம் வலிக்கும். ஊதியது நான், ஏறியது அவர்கள். பரவாயில்லை, நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கடலைக் கல்லூரிச் சுற்றுலாவில் பார்த்துக்கொண்டேன். அது வேறு விஷயம், அதை எழுத வேண்டாம்.

இப்போது அந்த வருஷத்துக்கு வருகிறேன்.

நான் எட்டாம் வகுப்பு. பதினோரு வண்டி சேர்ந்திருந்தது. அம்பாசிடர் ஒன்றிரண்டுதான் மிச்சம். அப்பாவுடையது அதில் ஒன்று என்பதால் அதுதான் முதல் வண்டி. முதல் வண்டியில் ஒரே ஒரு பிள்ளைதான் ஏறும், பின்சீட் முழுக்க அதற்கே. யார் என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அந்த வருஷம் சினேகா என்ற பெண்ணுக்கு வந்தது. மூன்றாவதோ நாலாவதோ படித்தது. முன்நெற்றியில் ஒரு சுழி, எவ்வளவு எண்ணெய் வைத்து வாரினாலும் அந்த இடத்தில் முடி எழும்பியே நிற்கும் என்று காதர் பாய் சொல்வார். அதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. பிரச்சினை அவளைப் பற்றியது இல்லையே.

அப்பா கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறி நடுவில் உட்கார்ந்தாள். அப்பா திரும்பிப் பார்த்து, எங்கங்க போகணும் என்று கேட்டார்.

"லாலாப்பேட்டைக்குப் போங்க. எங்கம்மா அங்கதான் இருக்காங்க."

இங்கே நிறுத்துகிறேன். நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? அப்படிச் சொல்லக்கூடாது பாப்பா, கடல்னு சொல்லு என்று திருத்தியிருப்பீர்கள். அந்த ஒன்பது பேரும் அதைத்தான் சொன்னார்கள். அப்படியானால் கேள்வி எதற்கு? பதிலை முன்னாலேயே முடிவுசெய்துவிட்டுக் கேட்பதற்குப் பெயர் கேள்வியா, நாடகமா? ஒருவரிடம் எங்கே போக வேண்டும் என்று கேட்டால், அவர் சொன்ன இடத்துக்குக் கட்டுப்பட வேண்டும். பல்கலைக்கழகத்தில் இதை நான் பேசி முதல் பரிசு வாங்கியிருக்கிறேன். தலைப்பு வேறு, வாதம் இதுதான்.

அது போக, ஸ்டாண்டில் ஒரு பழைய விதி உண்டு. குழுவுக்கு முன்னாலேயே இருந்தது. ஏறி உட்கார்ந்த சவாரியை இறக்கிவிடக்கூடாது. பக்கத்துத் தெருவானாலும் சொன்ன இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். மீறினால் வரிசையில் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். அப்பா ஒரு நாள்கூடக் கடைசிக்குப் போனதில்லை. அவர் சாவியைப் போட்டார்.

கடல் கிழக்கே. லாலாப்பேட்டை மேற்கே, கரூர் ரோட்டில், குளித்தலையும் தாண்டி. முதல் வண்டி இடது பக்கம் திரும்பியதும் பின்னால் பத்து வண்டியும் திரும்பின. திரும்பாமல்? முதல் வண்டியை யாரும் முந்தக்கூடாது என்று ஒரு விதி. தஞ்சாவூர் ரோட்டில் பாலம் வேலை நடக்கிறது போல, சவாரி சுற்றிக்கொண்டு போகிறான் என்று நினைத்தார்களாம். காவிரி வந்ததும் சந்தேகம் வந்து போன் அடித்தார்கள். ஓட்டும்போது போன் எடுக்கக்கூடாது என்பதும் விதி. அப்பா எடுக்கவில்லை. அடித்தவர்களும் ஓட்டிக்கொண்டேதான் அடித்தார்கள், அதை யாரும் விசாரிக்கவில்லை பாருங்கள். கடைசி வண்டியில் இருந்த சிஸ்டர் செபமாலை சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். ஆற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர். பின் வண்டிகளில் இருந்த சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கடல், கடல் என்று கூச்சல் போட, ஓட்டுநர்கள் இல்லை என்று சொல்ல மனம் வராமல் தலையாட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

சினேகாவுக்கு வழி தெரிந்திருந்தது. மாமா ஒருத்தர் எப்போதோ இல்லத்துக்கு வந்து பார்த்தபோது சொன்னாராம், ரேஷன் கடைக்கு எதிர்த்த தெரு, பச்சைக் கதவு என்று. அவ்வளவையும் மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறாள்.

டாக்ஸிக்காரர்களுக்கு ஒரு கௌரவம் உண்டு சார். தெரு எவ்வளவு குறுகலானாலும் சவாரியை வாசலில் இறக்க வேண்டும், முக்கில் இறக்கினால் கேவலம். அப்பா அந்தச் சந்துக்குள் அம்பாசிடரை விட்டார். இரண்டு பக்கமும் வாசல் திண்டு உரசுகிற மாதிரி சந்து. பின்னாலேயே பத்து வண்டியும் ஒன்றன் வால் ஒன்று பிடித்து நுழைந்தன. பச்சைக் கதவுக்கு முன்னால் நிறுத்தி அப்பா ஹாரன் அடித்தார். கடலுக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வண்டி ஹாரன் அடிக்கும், உடனே எல்லா வண்டியும் சேர்ந்து அடிக்க வேண்டும், அதுவும் வழக்கம். பின்னால் இருந்தவர்களுக்கு என்ன ஏது என்று தெரியாது. ஹாரன் கேட்டது, அடித்தார்கள். ஊரே வெளியில் வந்துவிட்டதாம். கல்யாண வண்டியா, கட்சிக்காரர்களா என்று கேட்டுக்கொண்டு.

கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. அவளுக்குப் பின்னால் மாமியார்க்காரி. அப்பா இறங்கிப் பின்கதவைத் திறந்து சினேகாவை இறக்கி, சந்தோஷமாக, அம்மா, உங்க பிள்ளை வந்திருக்குங்க என்று சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெண் பிள்ளையைப் பார்த்தாளாம். அப்புறம் தெருவைப் பார்த்தாளாம்.

"யாரு பிள்ளையோ. எனக்குத் தெரியாதுங்க."

காதர் பாய் இரண்டாவது வண்டியில் இருந்தார், கண்ணாடி வழியாக எல்லாம் பார்த்திருக்கிறார். அவள் முன்நெற்றியிலும் அதே சுழி இருந்தது பாப்பா, அச்சு அசல் அதே இடம் என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். கல் நெஞ்சக்காரி என்று நான் சொல்வேன். பாய் அதற்குத் தலையாட்ட மாட்டார். அவளுக்கு அது இரண்டாம் கல்யாணம் என்பதும், முதல் பிள்ளை இருப்பதையே மறைத்துத்தான் அந்த வீட்டில் கொடுத்திருந்தார்கள் என்பதும் பிற்பாடு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டவை. இருக்கட்டுமே. பெற்ற பிள்ளையைத் தெரியாது என்று சொல்ல அது ஒரு காரணமா?

ஆனால் அப்பாவைக் கவிழ்த்தது அவள் இல்லை. சினேகாதான். அந்தச் சின்னது ஓரடி பின்னால் வந்து அப்பாவை நிமிர்ந்து பார்த்து ஒரு பொய் சொன்னாள்.

"இந்த வீடு இல்லீங்க. நான் வழி மறந்துட்டேன்."

எவ்வளவு பெரிய பொய் பாருங்கள். அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, சத்தமாக. அப்பா மன்னிச்சுக்குங்க என்று அந்த வீட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அவளைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். பின்சீட்டில் உட்கார மாட்டேன் என்றாளாம், முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாளாம். திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டு பேரும் என்ன பேசினார்கள், ஏதாவது பேசினார்களா என்று அப்பா இன்றுவரை சொன்னதில்லை.

பதினோரு வண்டியை அந்தச் சந்திலிருந்து பின்னாலேயே எடுத்து வெளியே கொண்டுவருவதற்குள் மதியம் ஆகிவிட்டது. இனிக் கடலுக்குப் போய்த் திரும்ப முடியாது. ஆற்றங்கரையில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சின்னதுகள் தண்ணீரில் காலை நனைத்துக் குதித்தன. அவற்றுக்கு அதுவே கடல். சினேகா வண்டியை விட்டு இறங்கவில்லை. காதர் பாய் பொட்டலத்தைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்துவிட்டு வந்து, பாவம் என்றார். ஒருத்தரும் டீ கேட்கவில்லை.

அப்புறம் விசாரணை. இல்லத்திலிருந்து புகார் வந்துவிட்டது. இனிமேல் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம், காரணமானவர் குழுவில் இருக்கும்வரை அனுப்ப மாட்டோம் என்று. குஞ்சிதபாதம் கூட்டம் போட்டார். அவர் கேட்டது ஒரே கேள்வி. சவாரி, அது அந்தப் பிள்ளையோட அம்மா வீடுதானா இல்லையா? ஆமாம் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பெற்றவள் வீட்டுக்குத்தான் கொண்டுபோனார், பெற்றவள் மறுத்துவிட்டாள், இதில் ஓட்டுநர் தப்பு என்ன என்று விஷயம் முடிந்திருக்கும். சுழியைப் பாய் பார்த்திருக்கிறார், சாட்சி இருக்கிறது. அப்பா என்ன சொன்னார் தெரியுமா? பிள்ளை சொன்னதுதான், அந்த வீடு இல்லை என்றார். ஒரு சின்னப் பெண் சொன்ன பொய்யை இவரும் சொன்னார். அப்படியானால் பச்சைப்பிள்ளை பேச்சைக் கேட்டு ஊர் பேர் தெரியாத இடத்துக்குப் பதினோரு வண்டியை இழுத்துக்கொண்டு போனாயா என்றார்கள். ஆமாம் என்றார். கூட்டம் போட்டவர் போக மற்ற ஒன்பது பேரும் கை தூக்கினார்கள். அதில் காதர் பாயும் ஒருத்தர். உங்கப்பன்தான் பாப்பா என்னைப் பார்த்துத் தூக்குன்னு கண்ணைக் காட்டினான் என்கிறார். நான் நம்பவில்லை. எந்த மனுஷன் அப்படிக் கண்ணைக் காட்டுவான்?

அடுத்த வருஷமே அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். இப்போது யாரும் எங்கங்க போகணும் என்று கேட்பதில்லை. வேனில் ஏற்றுகிறார்கள், பேனர் கட்டுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், கூட்டிப் போய்க் கூட்டி வருகிறார்கள். உங்கள் மலரின் அட்டைப் படம்கூட அந்த வேன்தான் என்று கேள்விப்பட்டேன்.

அப்பா அம்பாசிடரை விற்றார். குட்டியானை லோடு வண்டி வாங்கினார். இப்போது வாழைத்தார், சிமெண்டு மூட்டை, வீடு மாற்றுகிறவர்களின் பீரோ, கட்டில். இருபது வருஷம் டாக்ஸி ஓட்டிய மனுஷன் லோடு ஏற்றுகிறார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அம்மா சண்டை போட்டாள். மூட்டைகிட்ட எங்க போகணும்னு கேக்க வேண்டியதில்லடி என்றார். எவ்வளவு அவமானப்பட்டிருந்தால் ஒரு மனிதர் இப்படிப் பேசுவார், யோசித்துப் பாருங்கள். கொஞ்ச நாள் அந்த இல்லத்து வாசலுக்கும் போய் நின்றார். சினேகாவைப் பார்க்கணும் என்று வாட்ச்மேனிடம் கெஞ்சியிருக்கிறார். வேற ஊருக்கு மாத்திட்டாங்க, எந்த ஊருன்னு சொல்லக் கூடாது, நீ வந்தா விடக்கூடாதுன்னு உத்தரவு என்று அந்த ஆள் விரட்டியிருக்கிறான். இவர் தொடங்கிய குழுவின் பெயரைச் சொல்லித்தான் அந்த இல்லத்துக்கு நாலு பேர் உதவி செய்கிறார்கள். அங்கேயே இவர் பிச்சைக்காரர் மாதிரி நின்றிருக்கிறார்.

அப்பாவிடம் சிரிப்பு போனது அப்போதுதான். சவாரி என்று யாராவது கூப்பிட்டால் திரும்புவதில்லை. வீட்டில் எல்லாம் இருக்கிறது, ஒருத்தர் மட்டும் இல்லாத மாதிரி இருக்கும். அதைச் சகித்துக்கொண்டு வளர்ந்தவள் நான். அவர் பெயரை மீட்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். இதில் என்ன தப்பு?

குழுவுக்கு மனு மேல் மனு போட்டேன். பதில் இல்லை. ஆதாரம் வேண்டும் என்றார் குஞ்சிதபாதம், நேரில் போய் நின்றபோது. உன் அப்பனே இல்லன்னு சொல்லிட்டான், நீ என்னம்மா குதிக்கிற என்றார். ஆதாரம்தானே? போன மாதம் லாலாப்பேட்டைக்கு நானே போனேன். பஸ்ஸில். ரேஷன் கடைக்கு எதிர்த்த தெரு, இப்போது கதவு நீலம். அந்தப் பெண் தெருக் குழாயில் குடம் வைத்திருந்தாள். நாலைந்து பெண்கள் சுற்றி நின்றார்கள். சுழி இருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

நான் மரியாதையாகத்தான் தொடங்கினேன். நீங்கள் சினேகாவின் அம்மாதானே என்று கேட்டேன். தெரியாது என்றாள். மறுபடியும் தெரியாதா என்று கேட்டேன். எனக்குக் குரல் இயல்பாகவே கொஞ்சம் பெரியது, மேடைப் பழக்கம். குழாயடியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஆமா தாயி, நான் பெத்ததுதான். போதுமா? சத்தம் போடாம போயிரு."

போதும். போன் என் பையில் ஓடிக்கொண்டிருந்தது, தெளிவாகப் பதிந்திருந்தது. நான் கிளம்பும்போது அவள் என்ன கேட்டாள் தெரியுமா? அது இப்ப எங்கம்மா இருக்கு, நல்லா இருக்கா என்று கேட்டாள். அன்றைக்குத் தெரியாது என்று சொன்ன வாய், இன்றைக்கு நல்லா இருக்கா என்று கேட்கிறது. கேட்கிற உரிமை அவளுக்கு இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். எனக்கு எப்படித் தெரியும், நான் வந்தது எங்கள் அப்பா விஷயமாக என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளி விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதைப் போட்டுக் காட்டினேன். உபயம் செய்கிற கடைக்காரர்கள், இல்லத்துக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். குஞ்சிதபாதம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காதர் பாய் எழுந்து வெளியே போய்விட்டார், ஏன் என்று தெரியவில்லை. யாரோ அதை ஓட்டுநர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அதில் குளித்தலைப் பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள். அந்த வீட்டில் ஏதோ ரகளையாம், அந்தப் பெண் கைப்பிள்ளையாக இருந்த பையனையும் விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் உண்மை வெளியே வந்தால் யாருக்காவது வலிக்கத்தான் செய்யும். அதற்கு உண்மையைக் கொண்டுவந்தவளா பொறுப்பு?

விடுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வந்து உட்கார்ந்த நேரம், இதே கூடத்துக்குக் குழுவில் அத்தனை பேரும் வந்தார்கள். குஞ்சிதபாதம் பொன்னாடை கொண்டுவந்திருந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில்தான் அப்பா. அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். நான் கதவோரம் நின்றேன். எத்தனை வருஷம் காத்திருந்த நேரம் அது.

தப்பு எங்க மேலதான் அண்ணே என்றார் குஞ்சிதபாதம். தெரியாமல் செய்துவிட்டோம், தொடங்கியவர் நீங்கள்தான் என்று மலரில் போடுகிறோம், விழா அன்றைக்கு முதல் வண்டி நீங்கள்தான் ஓட்ட வேண்டும், அதற்காக ஓர் அம்பாசிடரைத் தேடிப் பிடித்துப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறோம் என்றார். அப்பா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இப்ப என்ன திடீர்னு என்று மட்டும் கேட்டார். குஞ்சிதபாதம் என்னைக் காட்டினார். உங்க பொண்ணு லேசுப்பட்டதில்லண்ணே, லாலாப்பேட்டைக்கே போய் அந்தம்மா வாயாலயே சொல்ல வச்சு எல்லாரையும் கேக்க வச்சிருச்சு என்றார். அதுவரைக்கும் அப்பாவுக்கு நான் போனது தெரியாது. விழா மேடையில் சொல்லி அவரை ஆச்சரியப்படுத்தலாம் என்று வைத்திருந்தேன்.

அப்பா, எல்லாரையுமா என்று கேட்டார். ஊருக்கே தெரிஞ்சுபோச்சுண்ணே, உங்க பேர்ல இனி ஒரு களங்கம் கிடையாது என்று ஒருத்தர் சொன்னார். பொன்னாடையைப் போர்த்தினார்கள். அது ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது, அப்பா அதைத் தூக்கிவிடவில்லை. காதர் பாய் மூலையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனசுல ஒண்ணும் வச்சுக்காம ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே என்று குஞ்சிதபாதம் மறுபடியும் மறுபடியும் கேட்டார்.

அப்பா அவரைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இவ்வளவு பாடுபட்டு நான் வாங்கிக் கொடுத்த மன்னிப்புக்கு அவர் சொன்ன பதில் அது ஒன்றுதான். ஓர் எழுத்து மாற்றாமல் சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அர்த்தம் பிடிபடவில்லை, உங்களுக்காவது விளங்குகிறதா பாருங்கள்.

"வண்டியத் தெருமுக்குலயே நிறுத்திட்டு, பிள்ளை கையப் பிடிச்சுக்கிட்டு நடந்து போயிருக்கணும்மா. ஹாரன் அடிக்காம."